மடியில் விழுந்த ஸ்டீயரிங்

கழுத்து பிடித்துக்கொண்டு அரை மணி நேரமாகிவிட்டது. முன்சீட்டைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, காரின் தரைத்தகட்டில் மல்லாந்து, கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டி, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் செருகிக் கிடந்தான் லெஃப்ட்டு. பிடரியில் ஏதோ ஒரு போல்ட்டின் தலை குத்தியது. நகர்ந்தால் தோள்பட்டையில் குத்தியது. நாற்பத்து நாலு வயது உடம்பை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் வலிக்க ஒரு இடம் இருந்தது.

வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். நாற்றத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினோரு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. டேஷ்போர்டுக்குப் பின்னால் எலிகள் பேரன் பேத்தி எடுத்திருந்தன. சீட்டு நாரும் கடித்துப் போட்ட வயர் தோலும் மூத்திரத்தில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, கெட்டிப்பட்டுத் தொங்கின. கையைவிட்டு இழுத்தான். கூட்டோடு காய்ந்த எலிக்குஞ்சு ஒன்று கன்னத்தில் வந்து விழுந்தது. ‘தூ’ என்று துப்பினான். துப்பியது மேலே போய் அவன் மூக்கிலேயே இறங்கியது.

“மல்லாந்து படுத்துக்கிட்டுத் துப்பினா அப்படித்தான் தம்பி,” என்றார் கதவோரம் குந்தி விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர். “மேல போனது எதிர்வீட்டுக்கா போகும்?”

“விளக்க ஒழுங்காப் பிடிங்கண்ணே. எம்மூஞ்சிக்கு எதுக்கு வெளிச்சம்? எனக்கென்ன பொண்ணு பாக்கவா போறீங்க?”

அவர் சிரித்தார். முன்பல் நாலு இல்லாத சிரிப்பு. அந்த நாலு பல்லும் இதே காரின் ஸ்டீயரிங்கில் போனவை. ஒரு காலத்தில் இந்த வீட்டு டிரைவர். இப்போது இதே வீட்டில் கேட் திறக்கிறார், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார், நாய்க்குச் சோறு வைக்கிறார். எல்லாரும் வைத்த பெயர் கொட்டாவி. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் சொல்வதில்லை.

பெயர் வந்த கதை எல்லாருக்கும் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு காலையில், பெரிய முதலாளியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு இறக்கத்தில் வந்த வண்டி, வளைவில் திரும்பாமல் நேரே போய் மதில் சுவரில் மோதியது. முதலாளிக்கு முழங்கால் போயிற்று. சாகிற வரையில் அது மடங்கவே இல்லை. வாயெல்லாம் ரத்தமாக உட்கார்ந்திருந்த டிரைவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். “ஸ்டீயரிங் மடியில வந்து விழுந்துச்சு. அப்புறம்தான் மோதிச்சு.” மோதிய வேகத்தில்தான் ஸ்டீயரிங் கழன்றது, இவன் தூங்கிவிட்டு உளறுகிறான் என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். ஊர் வாய்க்கு மூடி ஏது? டீக்கடையில் ஒருத்தன் சொன்னான், “மடியில வந்து விழுறதுக்கு அதென்ன கைக்குழந்தையா?” கடையே சிரித்தது. அப்படிச் சொன்னவன் லெஃப்ட்டுதான். அது இப்போது நினைவுக்கு வந்தபோது எலிக்கூட்டின் மிச்சத்தை வேகமாகப் பிடுங்கி எறிந்தான்.

பெரிய முதலாளி போய் இரண்டு வருடம். வீட்டைப் பார்த்துக்கொள்வது அவர் மருமகன். வேலைக்காரர்களிலிருந்து காய்காரி வரை எல்லாருக்கும் அவன் ‘மாப்பிள்ளை’. பழைய கார்கள் ஊர்வலம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிறது, அதில் மாமனார் காரை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது. இன்ஜினைப் பார்க்க ஒருவர் வந்து போனார். பிரேக்குக்கு ஒருவர். ஸ்டீயரிங் தண்டை டேஷ்போர்டோடு சேர்த்துத் தாங்கிப் பிடிக்கும் பிராக்கெட் இரண்டாக உடைந்து கிடந்ததால், அதைப் புதிதாகச் செய்து பலப்படுத்த வெல்டர் லெஃப்ட்டு வந்திருந்தான். இப்போதைக்குத் தண்டைக் கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், கசாப்புக் கடையில் தொடையைத் தொங்கவிடுவது மாதிரி.

வேலை தொடங்குமுன் பழைய டிரைவர் லெஃப்ட்டுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “தம்பி, நீ உள்ள போய்ப் பாக்கப் போற. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. மோதினதுல உடைஞ்சுதா, உடைஞ்சதுனால மோதிச்சா? பாத்தா உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்ணே. இரும்பு பொய் சொல்லாது.”

“மாப்பிள்ளகிட்ட கேட்டேன், ஞாயித்துக்கிழமை நான் ஓட்டுறேன்னு. ‘ஓட்டுறப்ப தூக்கம் வந்தா என்ன பண்ணுவே’ங்கறாரு. எம்புள்ள வயசு அவருக்கு.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “என் மருமக புள்ளைகளுக்குச் சோறு ஊட்டுறப்ப அந்தப் பேரைச் சொல்லித்தான் சிரிப்புக் காட்டுது.”

அவ்வளவுதான் அவர் கேட்டது. இரும்பைப் பார்த்து ஒரு வார்த்தை.

டேஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் சட்டத்தில் பிராக்கெட்டின் ஒரு பாதி இன்னும் போல்ட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபாதி தண்டில் தொங்கியது. லெஃப்ட்டு ஸ்பேனரைப் போட்டு முதல் நட்டைக் கழற்றினான். போல்ட் துளை வட்டமாக இல்லை. நீளவாக்கில் இழுபட்டு முட்டை மாதிரி ஆகியிருந்தது. உள்விளிம்பு துருவுக்கு அடியிலும் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரே மோதலில் துளை கிழியும், தேயாது. தேய்வதற்கு மாதக்கணக்கில் ஆட வேண்டும். மோதுவதற்கு ரொம்ப நாள் முன்பே இந்தப் பிராக்கெட் செத்துவிட்டது.

“அண்ணே,” என்றான் அடியிலிருந்து. “நீங்க தூங்கல.”

விளக்கு ஆடியது. மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு லெஃப்ட்டு வெளியே ஊர்ந்து வந்து கழுத்தைப் பிடித்தபடி உட்கார்ந்தான். கையிலிருந்ததைப் பார்க்கப் பார்க்க முகம் கோணியது. முன்பே ஒரு தடவை விரிசல் விட்ட இரும்பு. யாரோ வெல்டிங் வைத்திருக்கிறான். வைத்தவன் அடியிலிருந்த பெயின்டைக்கூடத் தேய்க்கவில்லை; பெயின்டின் மேலேயே வெல்டிங் ராடை இழுத்திருக்கிறான். உருகிப் பிடிக்கவே இல்லை, எச்சில் தொட்டு ஒட்டின ஸ்டாம்ப் மாதிரி மேலாக உட்கார்ந்திருந்தது. அசிங்கம் தெரியாமல் இருக்க அதன்மேல் விரல் கனத்துக்குப் பட்டிப் பூச்சு. பட்டிக்கு மேல் கறுப்புப் பெயின்ட். புண்ணுக்குப் பவுடர் போட்ட கணக்கு.

“எந்தத் தேவாங்கு பண்ணின வேலைண்ணே இது,” என்றான். “வெல்டிங்கா இது? காக்கா எச்சம் இதைவிட நல்லாப் பிடிச்சிருக்கும். இதைப் பண்ணினவன் கைய வெட்டிப் பிராக்கெட்டுக்குப் பதிலா மாட்டணும்.”

“நல்லாச் சொல்லு தம்பி. இன்னும் நாலு சொல்லு. பதினோரு வருஷமா நான் திட்ட ஆள் இல்லாம இருந்தேன்.”

லெஃப்ட்டு சுத்தியின் முனையால் மிச்சப் பட்டியைத் தட்டினான். பிஸ்கட் மாதிரி பொரிந்து விழுந்தது. உள்ளே விரிசலின் இடைவெளியை அடைக்க மூன்று சின்னக் கம்பித் துண்டுகளை வரிசையாக வைத்திருந்தான் அந்த மனிதன். லெஃப்ட்டு குனிந்து பார்த்தான். சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி. நறுக்கி, நுனியைத் தட்டையாக்கி வைத்தது.

அவன் கை நின்றது.

சட்டை நுனியில் எச்சில் தொட்டு வெல்டிங்கைத் துடைத்தான். மீன்செதில் மாதிரி அடுக்கடுக்காய் விழும் அந்த வரி. வலது கைக்காரன் போட்டால் செதில் ஒரு பக்கம் சாயும். இடது கைக்காரன் போட்டால் மறுபக்கம். தொழிலில் இருப்பவனுக்கு அதுதான் கையெழுத்து. இந்தச் செதில் இடது கையால் போட்டது. இத்தனை பட்டறைகளுக்கு நடுவே இடது கையால் வெல்டிங் ஹோல்டர் பிடித்தவன் ஒரே ஒருத்தன்; அதனாலேயே லெஃப்ட்டு என்று பெயர் வாங்கியவன். இடைவெளிக்குப் போக்ஸ் கம்பி நறுக்கி வைக்கிற புத்திசாலியும் அவன்தான். அதைப் பார்த்து மற்ற வெல்டர்கள், “என்னடா, பல்லு கட்டுறியா?” என்று கேலி செய்வார்கள்.

அப்போது அவன் பெரிய பட்டறை ஒன்றில் கூலிக்கு நின்றான். மெக்கானிக்குகள் வண்டியைக் கொண்டுவர மாட்டார்கள். உடைந்த துண்டைக் கழற்றிக் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது துண்டு மேசையில் குவியும். எது எந்த வண்டி, எந்த இடம் என்று யார் கேட்டது? உள்ளே போகிற இரும்புக்கு அங்கே ‘இருட்டுச் சாமான்’ என்று பெயர். இருட்டுச் சாமானுக்கு ஒரு இழுப்பு, ஒரு பட்டி, ஒரு கறுப்பு. அடுத்தது. இந்தத் துண்டு அவன் மேசைக்கு வந்த நாளை நினைத்துப் பார்த்தான். வரவில்லை. எந்த மாதம், யார் கொண்டு வந்தது, ஒன்றும் வரவில்லை. ஒரு மனிதனின் பல்லையும் பெயரையும் தின்ற வேலை அவனுக்கு ஞாபகம்கூட இல்லை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இருட்டில் போட்டதாக இருந்தாலும் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்திருக்கும். இது மேசைமேல், பட்டப்பகலில், கண்முன்னால் போட்டது.

வாயில் எலி மூத்திரம் பட்ட மாதிரி இருந்தது.

“என்ன தம்பி, திட்டிக்கிட்டே இருந்தே, நிறுத்திட்டே?”

“கழுத்து வலிக்குதுண்ணே,” என்றான்.

அன்று சாயங்காலம் லெஃப்ட்டுவின் பட்டறையில் மச்சான் அந்தத் துண்டை வாங்கி இரண்டு தரம் திருப்பினான். மனைவியின் தம்பி, தொழிலில் பாதிப் பங்கு, வாயில் முழுப்பங்கு. பார்த்த மாத்திரத்தில் விசிலடித்தான்.

“மாமா, இது உங்க கையெழுத்துல்ல?”

“ம்.”

“யாருக்காவது காட்டினீங்களா?”

“இல்ல.”

“அப்ப என்ன? அதோ கிடக்கு இரும்புக் குப்பை. ரெண்டு டன்னோட மூணாவது டன்னாப் போகட்டும். இதுக்குப் போயி ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“அந்த மனுசன் பல்லு போச்சுடா. வேலை போச்சு.”

“பல்லு நீங்க திரும்ப வெல்டிங் வைக்கப் போறீங்களா?” என்றான் மச்சான். அவனும் சிரிக்கவில்லை. “மாமா, கேளுங்க. நாளைக்கு நீங்க வாயத் திறந்தா, லெஃப்ட்டு வச்ச வெல்டிங்ல பெரிய முதலாளி காலு போச்சுன்னு டீ ஆறுறதுக்குள்ள எல்லாப் பட்டறைக்கும் போயிடும். அப்புறம் நம்மகிட்ட யாரு இரும்புக் கதவு செய்யச் சொல்லுவான்? அக்கா என்னக் கேட்டா நான் என்ன சொல்றது? உன் புருசன் உத்தமனாயிட்டாரு, அடுப்பை அணைச்சுடுன்னா?”

லெஃப்ட்டுக்கு மச்சான்மேல் அருவருப்பு வந்தது. அவன் சொன்ன ஒவ்வொன்றும் கார் ஷெட்டிலிருந்து வரும் வழியிலேயே தனக்கும் தோன்றியவை என்பது தெரிந்ததும் அந்த அருவருப்புக்கு முகவரி மாறிவிட்டது. துண்டைக் குப்பையில் எறியவில்லை. சாமான் பெட்டியில் துணி சுற்றி வைத்தான்.

மறுநாள் முழுக்க வேலை. இந்த முறை கஞ்சத்தனம் பண்ணவில்லை. மூன்று எம்.எம். தகட்டை வெட்டி, வைஸில் பிடித்து, அடித்து வளைத்தான். இரண்டு பக்கமும் முக்கோண முட்டு. குறுக்குச் சட்டத்தில் துரு தின்ற ஒரு ஜாண் இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, புதுத் தகடு சேர்த்தான். பிராக்கெட்டிலிருந்து இன்ஜின் பக்கத்துச் சுவர்த் தகட்டுக்கு ஒரு குழாய் முட்டு கொடுத்தான். தண்டு மேலும் கீழும் ஆட வழியே இல்லாமல். பேட்டரி வயரைக் கழற்றி, டேஷ்போர்டுப் பெயின்ட் கருகாமல் ஈரச் சாக்குப் போர்த்தி, வெல்டிங் வைக்க வேண்டிய ஒவ்வொரு இடத்தையும் வெள்ளி மாதிரி ஆகும்வரை தேய்த்தான்.

“மாமா, தேய்ச்சது போதும், ஓட்டை விழுந்துடும்,” என்றான் மச்சான்.

“வாய மூடிட்டுச் சாக்குல தண்ணி ஊத்து.”

நெருப்புப் பொறி கழுத்துக்குள் விழுந்தது. துடைக்கவில்லை. சூடு ஆறியதும் தண்டைக் கவ்வி, ரப்பர் வைத்து, ஒரு நட்டுக்கு இரண்டு நட்டாகப் போட்டு முடுக்கினான். பட்டி வைக்கவில்லை. பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து உடம்பு மொத்தத்தையும் அதில் தொங்கவிட்டான். அசையவில்லை. மச்சானையும் தொங்கச் சொன்னான்.

“நான் எண்பது கிலோ மாமா.”

“அதான் தொங்கச் சொல்றேன். வேற எதுக்கு ஆவ நீ?”

அப்போதும் அசையவில்லை. வேலை நன்றாக வந்திருந்தது. அதைப் பார்க்க அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அன்றைக்கும் இதே கைதானே. இப்படிப் போடத் தெரியாத கையா? தெரிந்த கை, போடவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தான். சென்ட் வாசனை முதலில் வந்தது, அவன் பின்னால் வந்தான். வெள்ளைச் சட்டை எதிலும் படாமல் குனிந்து பார்த்தான்.

“முடிஞ்சுதா? தாங்குமா?”

“வண்டி தூள்தூளாப் போனாலும் இது நிக்கும் சார்.”

“சரி. நீ எங்காளுகிட்ட என்னமோ சொன்னியாமே. உடைஞ்சு போயித்தான் மோதிச்சுன்னு. காலையிலேருந்து என் காதுல ரீல் ஓட்டிக்கிட்டு இருக்கான். உண்மையா அது?”

கொட்டாவி கேட்டோரம் நின்றிருந்தார். கையில் நாய்ச்சோற்றுத் தட்டு. கண் லெஃப்ட்டுமேல் இருந்தது. மச்சான் சாமான்களை எடுத்து வைப்பது போல் குனிந்து, லெஃப்ட்டுவின் பாதத்தை மெல்ல மிதித்தான்.

லெஃப்ட்டு பெட்டியைத் திறந்து துணியைப் பிரித்தான். இரண்டு துண்டையும் எடுத்துக் கொடுத்தான். துளையைக் காட்டினான். தேய்ந்த விளிம்பைக் காட்டினான். “மாசக்கணக்கா ஆடியிருக்கு சார். மோதறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. இவரு மேல தப்பில்ல. ஸ்டீயரிங் மடியிலதான் விழுந்திருக்கு.”

“அப்ப யார் மேல தப்பு?”

நாக்கு நுனியில் அந்தச் சொல் வந்து நின்றது. ஒரு சொல்தான். மாப்பிள்ளையின் ஷூ பளபளத்தது. மச்சானின் குதிகால் அவன் விரலை அழுத்தியது.

“யாரோ வெல்டிங் வச்சிருக்கான் சார். கேவலமா வச்சிருக்கான்.”

“யாரோவா?”

“யாரோ.”

மாப்பிள்ளை துண்டை விரல் நுனியால் பிடித்துப் பார்த்தான். “சே, மாமா சாகறவரைக்கும் இந்தாளைத் திட்டிக்கிட்டே இருந்தாரு,” என்றான். பிறகு கேட்டுப் பக்கம் திரும்பினான். பதினோரு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல்லைச் சொன்னான்.

“டிரைவர், தட்டை வச்சுட்டு சாவிய எடுங்க. ஒரு சுத்து போயிட்டு வாங்க பாப்போம்.”

சீட்டைத் திரும்ப மாட்டினார்கள். அவர் தட்டை வைத்த விதத்தில் சோறு கொட்டிப் போயிற்று, நாய்க்குக் கொண்டாட்டம். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நேரே லெஃப்ட்டுவிடம்தான் வந்தார். அவனுடைய இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இந்தக் கை நல்லா இருக்கணும் தம்பி. இதைப் பண்ணின கை அழுகிப் போகணும். என்ன, சரிதானே?”

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவர் விடவில்லை. பல் போன ஈறு தெரிய அவர் அழுதுகொண்டே சிரித்த எச்சில் அவன் மணிக்கட்டில் பட்டது. எலிக்குஞ்சு கன்னத்தில் விழுந்தபோதுகூட உடம்பு இப்படிக் கூசவில்லை.

“வண்டிய எடுங்கண்ணே,” என்றான்.

“எடுக்கிறேன். அந்தத் துண்டு ரெண்டையும் என்கிட்டக் கொடு. டீக்கடைல காட்டணும். கைக்குழந்தையான்னு கேட்டான்களே, இதாண்டா அந்தக் குழந்தைன்னு மடியில போட்டுக் காட்டணும். யாரு வச்ச வெல்டிங்குன்னு தெரிஞ்சவன் ஒருத்தனாவது அங்க இருக்க மாட்டானா? நீயே விசாரிச்சுச் சொல்லேன்.”

மச்சானுக்கு இருமல் வந்துவிட்டது. லெஃப்ட்டு துண்டுகளைக் கொடுத்தான். கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் சொல்ல வேண்டும். இருந்த ஒரே காரணத்தைத்தான் அவன் சற்று முன்பு விழுங்கியிருந்தான்.

அவர் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கைத் தொடும் முன் இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். இன்ஜின் இரண்டு முறை செருமிவிட்டுப் பிடித்தது. வண்டி கேட்டைத் தாண்டி, கொஞ்சமும் ஆடாமல், தெருமுனையில் நூல் பிடித்த மாதிரி திரும்பியது.

“பொழச்சோம் மாமா,” என்றான் மச்சான். “நூத்துக்குத் தொண்ணூறு சொல்லிட்டீங்க. மிச்சம் பத்து யாருக்கு வேணும்?”

லெஃப்ட்டு குழாயைத் திறந்து மணிக்கட்டைக் கழுவினான். மண் போட்டுத் தேய்த்துக் கழுவினான். எச்சில் போயிற்று. ‘யாரோ’ என்று சொன்ன இடத்தில் அவரிடம் ‘நான்தான்’ என்று சொல்ல வேண்டிய கடன் மட்டும் அப்படியே பாக்கி நின்றது.